இருபத்திரண்டு வயதும் ஒன்பது நாளும்

மாகாணக் குடியேற்ற அலுவலகத்திலிருந்து வந்த பதில் நான்கே வரிதான். ரொதேலியோ கும்பான் என்ற பெயரில் இதுவரை எந்த விண்ணப்பமும் வந்து சேரவில்லை என்று அதில் இருந்தது. பட்டறைக் கழிப்பறைக்குள் கதவைத் தாழிட்டுக்கொண்டு, கிரீஸ் படிந்த கட்டைவிரலால் கைப்பேசியைத் தேய்த்துத் தேய்த்து ரொதேலியோ அதை மூன்று தரம் படித்தான். பெயரில் ஏதும் எழுத்துப் பிழை இருக்குமோ என்றுகூடப் பார்த்தான். இல்லை.

பிலிப்பைன்ஸின் இலோயிலோவில் பிறந்து, சவூதியின் தம்மாமில் பன்னிரண்டு வருடம் மண்வாரி எந்திரங்களைப் பழுது பார்த்தவன் அவன். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், கோதுமைக் காட்டு நடுவே இருக்கும் இந்தச் சின்ன ஊரின் எந்திரப் பட்டறைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் படித்துவிட்டுக் கால்கரி நகரத்துக்கு ஓடிவிடுகிற ஊர். அதனால்தான் மாகாணம் இப்படி ஒரு திட்டம் வைத்திருந்தது. கைத்தொழில் தெரிந்தவன் ஆறு மாதம் வேலை பார்த்தபின் முதலாளி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், மாகாணம் அவன் பெயரைப் பரிந்துரைக்கும். பிறகு குடும்பம் முழுவதற்கும் பி.ஆர். என்ற நிரந்தர வசிப்புரிமை கிடைக்கும். பிள்ளைகளுக்கு மட்டும், விண்ணப்பம் போய்ச் சேரும் நாளில் இருபத்திரண்டு வயது ஆகியிருக்கக் கூடாது.

அவன் வந்தபோது, ஊரில் தாயோடு விட்டுவந்த மகள் ஷைராவுக்குப் பத்தொன்பது.

பட்டறை முதலாளி வேய்ன் கோஸ்டியுக் கெட்ட வார்த்தை பேசுகிறவன் இல்லை. குளிர்காலத்துக்குத் தன் பழைய கம்பளிச் சட்டையைக் கொடுத்தவன், கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டவன். காகிதத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் ஏதாவது ஒன்று குறுக்கே வரும். ஒரு முறை விதைப்பு, ஒரு முறை தணிக்கை, இன்னொரு முறை அலுவலகப் பெண் கோர்லீனுக்கு முழங்கால் அறுவை. போன மார்ச்சில், அனுப்பியாகிவிட்டது, இனி அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று தோளில் தட்டினான். ரொதேலியோ அன்றே மனைவி மெர்லிண்டாவுக்குச் சொன்னான். அவள் மாதா கோயிலில் நன்றிப் பூசைக்குக் கொடுத்தாள். ஷைரா, கையில் இருந்த வேலையைக்கூட நிரந்தரமாக்கிக்கொள்ளாமல் விட்டாள்.

ஷைராவுக்கு இருபத்திரண்டு முடிந்து இன்றோடு ஒன்பது நாள். பிறந்தநாளன்று மெர்லிண்டாதான், காகிதம் எந்தத் தேதியில் பதிவானது என்று ஒரு வார்த்தை எழுதிக் கேளுங்கள் என்றாள். கேட்டதற்கு வந்த பதில்தான் இது.

அவன் நேராகக் கோர்லீனிடம் போய்க் கைப்பேசியை நீட்டினான். அவள் படித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். பிறகு அடி இழுப்பறையிலிருந்து ஒரு விண்ணப்பக் கோப்பை எடுத்து மேசைமேல் வைத்தாள். எல்லாம் பூர்த்தியாகியிருந்தது. முதலாளி கையெழுத்துப் போடும் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"மூணு தடவ அவர் மேசையில வச்சேன், ரொதேலியோ. மூணு தடவயும் கையெழுத்து இல்லாமயே திரும்பி வந்துச்சு. உன்கிட்ட சொல்லியிருக்கணும். சொல்லல."

அந்த நேரத்தில்தான் வேய்ன் உள்ளே வந்தான். வானிலை அறிக்கையில் மாலைக்குள் பனி என்றிருந்தது. பெரிய வாடிக்கைக்காரர் ஒருவரின் அறுவடை எந்திரம் நடுக்காட்டில் நின்றுவிட்டது, அறுக்காத கோதுமை எண்ணூறு ஏக்கர் கிடக்கிறது, உடனே வண்டியை எடு என்றான். பிறகுதான் மேசைமேல் இருந்த கோப்பைப் பார்த்தான்.

வேய்ன் மறுக்கவில்லை. அதுதான் ரொதேலியோவுக்கு இன்னும் எரிந்தது.

"உனக்கு முன்னாடி ரெண்டு பேர வரவழைச்சேன். பி.ஆர். கைக்கு வந்த மறு மாசமே ரெண்டு பேரும் கம்பி நீட்டிட்டானுங்க. நான் என்ன பண்ணட்டும்? சரி விடு, இந்தச் சீசன் முடியட்டும், கண்டிப்பா போட்டுத் தர்றேன்."

"என் பொண்ணுக்கு வயசு தாண்டிடுச்சு."

"வளர்ந்த பொண்ணுதானே. அவளே தனியா விண்ணப்பம் போட்டுக்கட்டும்."

மூன்று வருடமாக ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வாலாக ஒரு 'சார்' போட்டவன் ரொதேலியோ. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாலும் போனவன். ஒரே ஒரு தரம், எங்கே காட்டு என்று கேட்டிருந்தால் போதும். கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தான். அந்த மரியாதையை நினைக்க இப்போது வாயெல்லாம் கசந்தது. அடித்துவிடலாம்போல் இருந்தது. ஆனால் மெர்லிண்டாவும் பதினாறு வயது மகனும் இந்த ஆளுடைய பேனா முனையில்தான் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அடிக்கவும் முடியாது, கதவை அறைந்து சாத்திவிட்டுப் போகவும் முடியாது.

கோப்பைத் தூக்கி வேய்னின் நெஞ்சுக்கு நேரே நீட்டினான்.

"கையெழுத்துப் போடு, வேய்ன்."

"என்ன பேச்சு இது? மெரட்டுறியா?"

"ஆமா. மெரட்டுறேன். நீ கையெழுத்துப் போட்டு, கோர்லீன் என் கண் முன்னால அனுப்பி, பதிவு எண் வந்தாத்தான் நான் ஸ்பேனரத் தொடுவேன். இல்லன்னா அந்தக் கோதுமை பனிக்குள்ள கிடந்து அழுகட்டும். பத்து நாளு முன்னாடி நீ போட்டிருந்தா என் புள்ள இங்க வந்திருப்பா."

வேய்ன் கோர்லீனைப் பார்த்தான். அவள் பேனாவின் மூடியைக் கழற்றி அவன் பக்கமாக நகர்த்தினாள்.

பதிவு எண் வரப் பதினெட்டு நிமிடம் ஆனது. ரொதேலியோ அதைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காட்டுக்குப் போனான். அறுந்திருந்த பட்டையை மாற்றி, பனி விழுவதற்குள் எந்திரத்தை ஓட வைத்தான். அந்த விவசாயி மேல் அவனுக்குக் கோபம் இல்லை. தொழிலாளர் நலத்துறைக்கு அந்த வாரமே புகார் எழுதினான். விசாரிக்க ஒருவர் வந்தார், காப்பி குடித்தார், கையெழுத்துப் போட இத்தனை நாள்தான் என்று சட்டம் ஏதும் இல்லை என்று எழுதிவிட்டுப் போனார்.

கையெழுத்து வாங்கிய அன்றே ஷைராவைக் கைப்பேசியில் கூப்பிட்டு அவனேதான் சொன்னான். அவள் அழவில்லை. "மூணு வருசத்துல ஒரு தடவகூட எங்க காட்டுன்னு கேக்கத் தோணலையாப்பா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கைப்பேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள்.

பதினாறு மாதம் கழித்து மூன்று பேருக்கு பி.ஆர். வந்தது. அன்று காலையே அவன் தன் கருவிப்பெட்டியை வண்டியில் ஏற்றினான். வேய்ன் கை நீட்டினான். ரொதேலியோ அந்தக் கையைப் பார்த்தான், பிடிக்கவில்லை.

சஸ்கட்டூன் விமான நிலையத்தில் மெர்லிண்டாவும் மகனும் வந்து இறங்கினார்கள். மகனைக் கட்டிக்கொண்டபோது அவன் தன்னைவிட உயரமாக இருந்தது ரொதேலியோவுக்குத் தெரிந்தது. வண்டிக்கு நடக்கும்போது, ஷைரா வழியனுப்ப வந்தாளா என்று கேட்டான். பெட்டியெல்லாம் அவள்தான் தூக்கி வந்தாள் என்றாள் மெர்லிண்டா.

"இன்னும் கோவமா இருக்காளா?"

"இருக்கா. இருக்கட்டும். நானும்தான் இருக்கேன்," என்றாள் அவள், முன்கதவைத் திறக்காமல் மகனோடு பின்னால் ஏறி உட்கார்ந்தபடி.