அறுபடாத சேவல்

எண்பத்தைந்தில், கிழக்கிலங்கையில் தமிழர், முஸ்லிம்கள் என இரு பக்கமும் வீடுகள் எரிந்த பிறகு வந்த முதல் தீபாவளி. மருதமுனை நெசவாளி சீனிமுகம்மது வழக்கம்போலப் பாண்டிருப்பில் நல்லதம்பி வீட்டுக்கு விருந்துக்குப் போனார். அவர் போய் பிஸ்மில்லாச் சொல்லிச் சேவலை அறுத்தால்தான் அங்கே கறிச்சட்டி அடுப்பில் ஏறும். கூட்டாளி தின்ன முடியாத கறி தன் வீட்டில் வேகக்கூடாது என்பது நல்லதம்பியின் பதினெட்டு வருசப் பிடிவாதம்.

"வா மச்சான், உனக்காகத்தான் காத்திருக்கம்," என்று நல்லதம்பி கத்தியை நீட்டினார்.

சீனிமுகம்மது அதை வாங்கியதும், குசினி வாசலில் நின்ற நல்லதம்பியின் மனைவி கனகம் பிள்ளைகளை உள்ளே இழுத்துத் தாழ்ப்பாள் போட்டாள். சித்திரையில் அவளுடைய தம்பியை யாரோ வெட்டிப் போட்டிருந்தார்கள்.

"அவளோட கோவிக்காத மச்சான். நீ அறு."

சேவலின் காலைப் பிடித்துக்கொண்டு எப்போதும் குனிந்திருக்கும் நல்லதம்பி, இந்த முறை குனியவில்லை. அவர் கண் கத்தியிலேயே நின்றது.

சீனிமுகம்மது கத்தியை மெல்ல மண்ணில் வைத்தார்.

"வயிறு சரியில்ல மச்சான். வடை மட்டும் போதும்."

"ஓம்" என்ற நல்லதம்பி, வடை எடுக்கப் போகுமுன் கத்தியை எடுத்து ஒளித்துவைத்தார்.