கறுப்பு பிரைமர்

பல் டாக்டருக்குக் கை நடுங்கினால் யாரிடம் சொல்வது? பெண்டாட்டியிடமாவது சொல்ல வேண்டாமா? இந்த மனுஷன் வாயே திறக்கவில்லை. கொஞ்ச நாளாகக் காப்பியை அரை டம்ளர்தான் ஊற்றச் சொல்கிறார். சட்டைப் பொத்தானைக் குளியலறைக்குள் போய்ப் போடுகிறார். கேட்டால், "தூக்கம் சரியில்ல" என்று ஒரே பாட்டு. நாளைக் காலையில் அவளுடைய தங்கைக்குக் கடைவாய்ப் பல்லை அறுத்து எடுக்கப் போவதும் அவர்தான். அதுதான் அவளுக்குப் பயம்.

அன்று மாலை அவர் பொம்மைக் கடைக்குக் கிளம்பினார். அவளும் கூடவே ஒட்டிக்கொண்டாள். விரல் உயரப் பிளாஸ்டிக் வீரர்களுக்கு வண்ணம் தீட்டுவது அவருடைய பைத்தியம். முதலில் ஸ்ப்ரே பிரைமர் என்ற அடிப்பூச்சை அடிக்காவிட்டால் பிளாஸ்டிக்கில் வண்ணம் ஒட்டாது. பளபளப்பு ரகம் வழுக்கும், மேட் ரகம்தான் வண்ணத்தைப் பிடிக்கும், அதிலும் வெள்ளை மேட்தான் ராஜா: கல்யாணமான நாளிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது. கறுப்பு அடிப்பவர்களைச் சோம்பேறிக் கூட்டம் என்பார்.

கடைக்காரர் கேட்காமலே வெள்ளை டப்பாவை எடுத்து வைத்தார்.

"கறுப்பு குடுங்க. மேட்."

"என்ன டாக்டர், இன்னைக்கு மழை கொட்டப் போகுது! நீங்களா கறுப்பு கேக்குறீங்க?"

"சும்மா, ஒரு மாறுதலுக்கு."

"நல்லதுதான். வெள்ளையில கை கொஞ்சம் பிசகுனாலும் பல்லிளிச்சிடும். கறுப்புன்னா பிரஷ் போகாத இடமெல்லாம் நிழலாட்டம் உக்காந்துக்கும். தப்பே தெரியாது."

பாவம், தாம் என்ன சொல்லிவிட்டோம் என்று கடைக்காரருக்குத் தெரியாது. அவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் டப்பாவின் பின்பக்க எழுத்துகளை அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் பால்கனியில் வீரர்களை வரிசையாக நிறுத்தினார். அடிக்கும் முன் டப்பாவை நன்றாகக் குலுக்க வேண்டும்; அதற்கு நடுங்கும் கையே போதும். அந்தக் கொடுமையில் அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. உள்ளே போய், எப்போதோ வெள்ளை அடித்து வைத்திருந்த ஒரு வீரனையும் மெல்லிய பிரஷ் ஒன்றையும் வண்ணக் குப்பியையும் எடுத்து வந்து மேசையில் வைத்தாள்.

"இவனுக்கு ஒரே ஒரு புருவம் போடுங்க. போட்டுட்டீங்கன்னா நாளைக்கு நானே என் தங்கச்சிய கூட்டிட்டு வரேன்."

"உனக்கென்ன கிறுக்கா? இருபது வருஷமா பல்லு புடுங்குறவன் நான்."

"அப்ப போடுங்களேன்."

உட்கார்ந்தார். மணிக்கட்டை மேசையில் ஊன்றினார். மூச்சைப் பிடித்தார். பிரஷ் நெற்றியைத் தொட்டது, காதுக்கு இழுத்துக்கொண்டு போனது, மூக்கில் வந்து நின்றது.

"எந்தத் தைரியத்துலங்க என் தங்கச்சி வாயில கத்தி வைக்கப் பாத்தீங்க?" அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"போன வாரம் ஒரு பெரியவருக்கு ஈறு கிழிஞ்சிடுச்சு," என்றார், பொம்மையைப் பார்த்துக்கொண்டே. "பரவால்ல டாக்டர்னு எனக்கே ஆறுதல் சொல்லிட்டுப் போனாரு."

அவள் கோபமெல்லாம் வடிந்துபோய், அவர் கையிலிருந்த பிரஷை மெல்ல வாங்கி வைத்தாள்.

"அவளுக்கு போன் போட்டுக் குடு. நானே சொல்லிடறேன்."

"உங்க போன் பக்கத்துலதானே இருக்கு?"

"நான் அமுக்குனா வேற யாருக்கோ போகுது."

அவள் எடுத்து, எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு அவர் முன்னால் வைத்தாள்.

"சொல்லுங்க மாமா!" என்றாள் தங்கை. "பல்லு உயிர எடுக்குது. நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும்?"

"வராதம்மா," என்றார் அவர். "இனிமே என்கிட்ட யாருமே வர வேணாம்."