நேரில் பார்த்ததை எழுது

"ஜாய்ஸ் சொல்றது நிஜமா?" என்று கேட்டார் அபயாம்பாள். கையில் இருந்த குங்குமச் சிமிழை மூட மறந்திருந்தார்.

கனகா தாம்பூலப் பைக்குள் தேங்காயைத் திணித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. பக்கத்தில் இருந்த ஜாய்ஸ் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். 'திருக்கடையூருக்கு உன் வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வா, ஜோடியா எங்க கால்ல விழுந்து எந்திரிங்க' என்று அபயாம்பாள் மறுபடி மறுபடி வற்புறுத்தினார். கனகாவின் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், அவள் புருஷன் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, நாலு வருஷமாகிறது என்று ஜாய்ஸ் போட்டு உடைத்துவிட்டாள்.

"நிஜந்தாம்மா," என்றாள் கனகா.

"அப்ப இந்தப் பூவு, பொட்டு, கழுத்துல தாலி?"

"ஆள் கிடைக்கலம்மா. படகு மட்டுந்தான் கிடைச்சுது."

"இருக்காரா, இல்லையா? ஏதாவது ஒண்ணு சொல்லு."

"தெரியலம்மா."

அபயாம்பாள் முதுகலை படித்தவர். தஞ்சாவூரில் ஒரு பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை. தெரியவில்லை என்ற பதிலை அவர் எந்தப் பெண்ணிடமிருந்தும் ஏற்றுக்கொண்டதில்லை. சிமிழை மூடினார். ஆரத்தி எடுக்கப் போகும் பெண்களுக்கென்று ஒரே நிறத்தில் எடுத்து வைத்திருந்த புடவைகளில் ஒன்றை அடுக்கிலிருந்து உருவி, அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

"வராதேன்னு சொல்லல. வா. பந்திப் பக்கம் பாத்துக்க. முன்னாடி மட்டும் வந்து நிக்காதே. எனக்கு இருக்குறது ஒரு புருஷன்."

அபயாம்பாளின் கணவர் பேராசிரியர் சபரிநாதனுக்கு அறுபது வயது முடிகிறது. அந்த மாதக் கடைசியில் பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வும் பெறுகிறார். மணிவிழா திருக்கடையூரில். நெறியாளர் வீட்டு விசேஷம் என்றால் ஆய்வு மாணவர்கள்தான் கூலியில்லாத ஆட்கள். மண்டபம் பிடிப்பது, வேன் பேசுவது, அழைப்பிதழ் கொடுக்க ஊர் ஊராக அலைவது எல்லாம் அவர்கள் பாடு. சமூகவியல் துறையில் இது எழுதாத விதி. 'பி.எச்டி.யில முதல் பேப்பரே வெத்தலை மடிக்கிறதுதான்டி' என்று ஜாய்ஸ் சிரிப்பாள்.

கனகா அன்று சிரிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு நேரே துறைக்குப் போனாள். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு கையெழுத்து. ஆய்வேடு தயார். நெறியாளர் சான்றளித்துக் கையெழுத்துப் போட்டால் சமர்ப்பித்துவிடலாம். அவர் ஓய்வு பெறுவதற்குள் போடாவிட்டால் வேறு நெறியாளருக்கு மாற்றுவார்கள். அவள் தலைப்பை எடுத்துக்கொள்ள அந்தத் துறையில் வேறு ஆளில்லை. அப்படி மாற்றப்பட்டவர்கள் சிலர் இன்னும் தாழ்வாரத்தில் அலைந்துகொண்டிருந்தார்கள்.

கடலில் காணாமற்போன மீனவர்களின் மனைவியர். அதுதான் தலைப்பு.

வேதாரண்யத்துக்குப் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் அவளுடையது. கணவன் தியாகு போன படகு ஒரு புயலுக்குப் பிறகு கவிழ்ந்த நிலையில் கரை ஒதுங்கியது. உடல் கிடைக்காததால் காரியம் செய்யவில்லை. ஏழு வருஷம் ஆகாமல் இறப்புச் சான்றிதழ் கிடையாது என்றது அரசாங்கம். 'நீ தாலியக் கழட்டுனா நானே எம்புள்ளயக் கொன்ன மாதிரி' என்றாள் மாமியார் நாகவல்லி. அதே தெருவில் ஒரு சடங்கு என்றால், 'கனகா, நீ கொஞ்சம் தள்ளி நில்லு' என்றார்கள். தாலி கழுத்தில் இருக்க வேண்டும். ஆனால் சுமங்கலிகளுக்கு நடுவில் இருக்கக் கூடாது. அவளைப் போலவே அந்தக் கரையில் இன்னும் பல பெண்கள் இருந்தார்கள். அவர்களைத் தேடிப் போய்ப் பேசி எழுதியதுதான் அவள் ஆய்வு.

சபரிநாதனுக்கு இதெல்லாம் தெரியும். விதவை மறுமணம் பற்றி அவர் எழுதிய புத்தகம் பல கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. கள ஆய்வைப் பார்வையிட அவள் கிராமத்துக்கே வந்திருக்கிறார். நாகவல்லி வைத்த மீன் குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். ஊர்ப் பெரியவர்களை உட்கார வைத்து, ஒரு பெண்ணைத் தள்ளி நில் என்று சொல்ல உங்களுக்கு வெட்கமாக இல்லையா என்று கேட்டவர். அப்போது கனகாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

இப்போது அவர் பேனாவை உருட்டிக்கொண்டே சொன்னார்: "வீட்டுல போன் பண்ணாங்க. எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாதுன்னு உனக்கே தெரியும். அது அவங்க மனசு. கொஞ்சம் அனுசரிச்சுக்கம்மா."

"சரிங்க சார். கையெழுத்து?"

"விசேஷம் முடியட்டும். ஓடியா போறேன்?"

அவள் எழுந்தாள். அவர் கூப்பிட்டார்.

"நாலாவது இயல்ல, அதான் விசேஷத்துல தள்ளி நிக்கச் சொன்ன சம்பவங்கள்ல, கேள்விப்பட்டது, ஊர்ல பேசிக்கிட்டது எல்லாம் நிறைய வருது. எடுத்துடு. நேர்ல பாத்தத எழுது. எங்க, என்ன விசேஷம், தடுத்தது யாரு, பக்கத்துல இருந்தது யாரு, அவங்க என்ன செஞ்சாங்க. அவ்வளவுதான். பேர் மட்டும் போடாதே. அதான் ஆய்வு நெறி."

திருக்கடையூரில் அன்று கூட்டம் நெரிந்தது. ஒரே மண்டபத்தில் நாலைந்து ஜோடிகளுக்குத் தனித்தனியாக ஹோமம். எந்தப் புரோகிதர் யாருக்கு மந்திரம் சொல்கிறார் என்பதே தெரியவில்லை. கனகா பந்திக்கும் சமையல் கட்டுக்கும் நடையாக நடந்தாள். உட்காரப் பிடிக்கவில்லை. உட்கார்ந்தால் யாராவது பேச்சுக் கொடுப்பார்கள். தண்ணீர்க் கேன் தீர்ந்தது, இலை குறைந்தது என்று வேலையைத் தேடித் தேடிச் செய்தாள். மேடைப் பக்கம் ஜாய்ஸின் ஒரே நிறப் புடவைக் கூட்டம் தெரிந்தது. ஜாய்ஸ் கழுத்தில் சிலுவைச் சங்கிலியும் கையில் தட்டுமாக நின்றாள். கல்யாணமாகாத பெண், அதனால் பாதகமில்லை என்று அவளை அபயாம்பாள் சேர்த்துக்கொண்டிருந்தார்.

கலச நீரை ஊற்றி முடித்தார்கள். சபரிநாதனும் அபயாம்பாளும் ஈரம் சொட்ட மனையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆரத்திக்கு ஒரு பெண் குறைந்தது. சபரிநாதனின் ஒன்றுவிட்ட அக்காள் சுற்றும் முற்றும் பார்த்தார். மோர் வாளியுடன் கடந்து போன கனகாவின் தலைப் பூவும் நெற்றிப் பொட்டும் கண்ணில் பட்டன.

"ஏம்மா, வாளிய வச்சுட்டு இங்க வா. இதப் பிடி."

கனகா வேண்டாம் என்று சொல்வதற்குள் தட்டு அவள் கைக்கு வந்துவிட்டது. சூடம் எரிந்துகொண்டிருந்தது. இரண்டு அடி வைத்திருப்பாள்.

"அவ வேண்டாம்."

அபயாம்பாள் சத்தம் போடவில்லை. வகுப்பில் ஒரு மாணவியை உட்காரச் சொல்வதுபோலத்தான் சொன்னார். ஆனால் அந்த நேரம் பார்த்து நாதஸ்வரம் நின்றிருந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்காள் தட்டை வெடுக்கென்று வாங்கிக்கொண்டார். அதிலிருந்த ஆரத்தி நீர் கனகாவின் மணிக்கட்டில் சிவப்பாகச் சிந்தியது.

கனகா சபரிநாதனைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். பிறகு மந்திரத்தில் ஆழ்ந்தவர்போலக் கண்களை மூடிக்கொண்டார்.

வேனில் திரும்பி வரும்போது ஜாய்ஸ் அழுதாள். கனகா அழவில்லை. மயிலாடுதுறை தாண்டும்வரை மணிக்கட்டைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கும்பகோணத்தில் டீக்கு நிறுத்தியபோது மடிக்கணினியைத் திறந்தாள். நாலாவது இயலின் கடைசிக்குப் போனாள்.

"என்னடி பண்றே?"

"திருத்தம். சார் சொன்னாரு."

மறுநாள் ஆய்வேட்டைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தாள். அறை முழுக்கச் சால்வைகளும் பழக்கூடைகளும் கிடந்தன. சபரிநாதன் அவள் முகத்தைப் பார்க்காமலே பேனாவை எடுத்தார்.

"நாலாவது இயல் கடைசியில ஒண்ணு சேத்திருக்கேன் சார். படிச்சுட்டுப் போடுங்க."

"உன் எழுத்து எனக்குத் தெரியாதாம்மா?"

"இல்ல சார். ஒரு பக்கந்தான். படிச்சுடுங்க."

வாசலில் ஓய்வூதியப் பிரிவு எழுத்தர் காத்திருந்தார். தொலைபேசி அடித்தது. 'இந்த ஆய்வேட்டை முழுமையாகப் படித்துச் சரிபார்த்தேன்' என்ற வரிக்குக் கீழே சபரிநாதன் கையெழுத்திட்டார். எல்லா மாணவர்களுக்கும் அப்படித்தான் போட்டிருக்கிறார்.

வாய்மொழித் தேர்வு அடுத்த சித்திரையில் நடந்தது. துறைக் கருத்தரங்க அறையில் மின்விசிறிகள் வெந்த காற்றைச் சுழற்றின. ஓய்வு பெற்றிருந்தாலும் நெறியாளர் என்ற முறையில் சபரிநாதன் மேடையில் இருந்தார். முதல் வரிசையில் அபயாம்பாள், மடியில் ஒரு சால்வையுடன். பட்டம் உறுதியானதும் நெறியாளரின் மனைவி மாணவிக்குச் சால்வை போர்த்துவது துறை வழக்கம். கடைசி வரிசையில், கதவை ஒட்டி, நாகவல்லி. மருமகள் எவ்வளவு சொல்லியும் வெறும் நெற்றியோடு முன்னால் வர மாட்டேன் என்றுவிட்டாள்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் நரைத்த தலையும் கறார்க் குரலும் உள்ள பெண்மணி. ஒவ்வொரு பக்கத்திலும் பென்சில் குறி வைத்திருந்தார்.

"நாலாவது இயல்ல மத்த சம்பவம் எல்லாம் கடற்கரைக் கிராமத்துல நடந்தது. கடைசி ஒண்ணு மட்டும் வேற மாதிரி இருக்கு." அவர் படித்தார்: "'நிகழ்ச்சி, மணிவிழா. இடம், திருக்கடையூர். ஆரத்தித் தட்டுடன் வந்த பெண், "அவ வேண்டாம்" என்ற இரண்டு சொற்களால் நிறுத்தப்பட்டாள். நிறுத்தியவர் முதுகலைப் பட்டம் பெற்ற ஆசிரியை. உடனிருந்தவர் ஒரு பேராசிரியர். விதவை மறுமணம் குறித்து நூல் எழுதியவர். அவர் எதுவும் பேசவில்லை.' யார் இவங்க?"

அபயாம்பாளின் கையில் ஆடிக்கொண்டிருந்த விசிறி நின்றது. சபரிநாதன் மேஜையில் கிடந்த ஆய்வேட்டைத் தன் பக்கம் இழுத்து, அவசரமாகப் புரட்டத் தொடங்கினார்.

"பேர் சொல்லக் கூடாதுங்க மேடம். அதுதான் ஆய்வு நெறின்னு எங்க சார் சொல்லிக் குடுத்திருக்காரு."

"சரி. நேர்ல பாத்ததா?"

"தட்டு என் கையிலதான் இருந்துச்சு மேடம்."

அறையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். தேர்வாளர் மூக்குக் கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார்.

"அந்தப் பேராசிரியர் ஏன் பேசலன்னு கேட்டீங்களா? ஆய்வாளர் கேட்டிருக்கணுமே."

கனகா சபரிநாதன் புரட்டிக்கொண்டிருந்த ஆய்வேட்டைப் பார்த்தாள்.

"கேக்கல மேடம். எனக்குக் கையெழுத்து வேண்டியிருந்துச்சு."

தேர்வாளர் ரப்பரை எடுத்தார். அந்தப் பக்கத்தில் இருந்த பென்சில் குறியை அழித்தார். பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாக அறிவித்தார். கைதட்டல் எழுந்தது. ஜாய்ஸ் விடாமல் தட்டினாள்.

சால்வை போர்த்தும்படி அபயாம்பாளை அழைத்தார்கள். அவர் எழுந்தார். முகம் வெளுத்திருந்தது. ஆனால் கனகா மேடையில் இல்லை. இறங்கி, முதல் வரிசையைக் கடந்து, கதவுப் பக்கம் போயிருந்தாள்.

"எந்திரிங்க அத்தை."

"நான் எதுக்குடி முன்னாடி? நல்ல காரியத்துல."

"என்னப் படிக்க அனுப்புனது நீங்க. உங்களாலதான் இந்த நல்ல காரியம். வாங்க."

நாகவல்லி வர மறுத்துப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். கனகா விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, கையைப் பிடித்து அத்தனை பேர் நடுவிலும் அழைத்து வந்து முன்னால் நிறுத்தினாள்.

"சால்வைய இவங்க கையில குடுங்கம்மா. எனக்கு இவங்க போட்டு விடட்டும்."

நாகவல்லி முந்தானையில் துடைத்துக்கொண்டு கைகளை நீட்டினாள். அபயாம்பாள் சால்வையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். கொடுக்கவும் இல்லை, விலகவும் இல்லை. எங்காவது ஒரு வார்த்தை வந்து தன்னைக் காப்பாற்றாதா என்பதுபோல மேடையில் இருந்த கணவரைப் பார்த்தார்.

இந்த முறையும் அவர் எதுவும் பேசவில்லை.