உட்பக்கத்து நார்

எண்பத்தாறாம் ஆண்டு ஊர்காவற்றுறைக் கரையில் ஆமி ஹெலிகொப்டரிலிருந்து சுட்டபோது யாக்கோப்பு வள்ளத்திலிருந்து கரைக் கற்களுக்கிடையில் குதித்தார். உயிர் தப்பியது, வலது கரண்டைக்கால் முறிந்தது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்றே எடுத்து, வெளிப்பக்கத்து எலும்புதான் முறிவு என்று சொல்லி மாவுக்கட்டுப் போட்டார்கள். மாவுக்கட்டை வெட்டிய பிறகு எலும்பு நன்றாகப் பொருந்திவிட்டது, தொழிலுக்குப் போகலாம் என்றார்கள். போனார். முதல் அலை வள்ளத்தைத் தூக்கிப்போட்டதும் கரண்டை உட்பக்கமாக மடிந்து, வலைக்குமேல் விழுந்தார். மறுநாளும் அப்படித்தான்.

"உனக்குக் காலிலை பிழை இல்லை மச்சான், பயம்தான்" என்றார் பஸ்ரியாம்பிள்ளை. யாக்கோப்பின் மனைவி அல்போன்சம்மாவின் அண்ணன் அவர். வள்ளம் இருவருக்கும் பொது.

ஹெலிகொப்டர் இரைந்தால் யாக்கோப்புக்கு நெஞ்சு அடைக்கத்தான் செய்தது. மச்சான் சொல்வதுதான் சரியோ என்று தன்னையே நம்பாமல் கரையில் குந்தியிருந்தார்.

அல்போன்சம்மாதான் அவரை யாழ்ப்பாணத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த டொக்டர் ஒருவர் அங்கே ஸ்கான் மெசின் வைத்திருந்தார். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு நடுவில் யாக்கோப்பு கூச்சத்தோடு காத்திருந்தார்.

டொக்டர் கரண்டையில் குளிர்ந்த பசையைத் தடவி, கருவியை முதலில் சுகமான காலில் வைத்தார். திரையில் வெள்ளைக் கோடொன்று எலும்பிலிருந்து எலும்புக்கு ஓடியது. வலது காலில் அந்தக் கோடு பாதியில் நின்றது. பாதத்தை மெல்ல வளைத்தபோது கறுப்பு இடைவெளி அகன்றது.

"எலும்பைக் கட்டி வைச்சிருக்கிற உட்பக்கத்து நார் அறுந்துபோச்சு. எக்ஸ்றேயிலை நார் தெரியாது."

"அப்ப இது பயமில்லையோ ஐயா?"

"பயத்துக்கு நார் அறாது."

யாக்கோப்புக்குக் கண் கலங்கியது. "இனித் தைக்கலாமோ?"

"முறிஞ்ச உடனை பாத்திருந்தால் தைச்சிருக்கலாம். இப்ப சுருங்கிப்போச்சு. இறுகக் கட்டிக்கொண்டு நடவும். வள்ளத்திலை நிக்க ஏலாது."

தொழில் போனதென்று தெரிந்தும், பஸ்ஸில் திரும்பும்போது அவருக்கு மனம் லேசாகத்தான் இருந்தது. "அண்ணையிட்டை நான் சொல்லுறன், நீங்கள் பேசாமலிருங்கோ" என்றாள் அல்போன்சம்மா.

கரையில் வள்ளம் இல்லை. உதவிக்கு ஆள் கிடைக்காமல் பஸ்ரியாம்பிள்ளை தனியாகத்தான் வலை எடுக்கப் போயிருந்தார். கடலில் நேவி சுடும் சத்தம் கேட்டதாகச் சனம் சொன்னது. மறுநாள் காரைநகர்ப் பக்கம் போனவர்கள் வள்ளத்தைக் கட்டி இழுத்துவந்தார்கள். விளிம்பெல்லாம் துப்பாக்கிச் சன்னம் பாய்ந்த ஓட்டை. ஆள் கிடைக்கவில்லை.

செத்தவீட்டுக்கு வந்த ஒவ்வொருவரின் கையையும் பிடித்துக்கொண்டு அல்போன்சம்மா அழுதாள்.

"அவருக்கு உண்மையாக் கால் ஏலாது. உள்ளுக்கு நார் அறுந்துபோச்சு. டொக்டர் காட்டினவர், நானும் பாத்தனான்."

அவளிடம் அதை யாரும் கேட்கவில்லை. யாக்கோப்பு காலை நீட்டியபடி சுவரோரம் இருந்தார். அவளைப் பேசாமலிருக்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.