பறவை கலைந்துவிடாமல்

பைனாகுலரின் பட்டைக்குள் சிக்கியிருந்த அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டிருந்தார் கூட வந்த மாட்டு டாக்டர் அம்மா. அவர் அவசரப்படவில்லை. முள்ளில் மாட்டிய புடவையைக் கிழியாமல் எடுக்கிறவரைப் போல, சுண்டுவிரலில் தொடங்கி மெதுவாக எடுத்தார். கடைசியில் பட்டையைக் கழுத்திலிருந்து கழற்றப் போனபோது, "அது இருக்கட்டும்மா" என்றார் தம்பி.

சொன்னது அவர் காதுக்கே கேட்கவில்லை. காய்கறிச் சந்தையில் வருஷக்கணக்காக ஏலம் கூவுகிற தொண்டை அது. அவர் ரகசியம் பேசினால் மூன்று கடை தள்ளித் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த ஏலக்காரரின் குரல் இப்போது எங்கோ போயிருந்தது.

"சார், தூக்கிடலாமா?" என்று வழிகாட்டி கேட்டாள். நாற்பதைத் தாண்டிய பெண். இந்தக் காட்டில் ஆட்களைக் கூட்டிவந்து கூட்டிவந்து, கிசுகிசுப்பே அவள் பேச்சாகிவிட்டது.

"இனிமே சத்தமாவே பேசலாமேம்மா. கலையறதுக்கு என்ன இருக்கு?"

"எனக்கு இதுக்கு மேல வராது சார்" என்றாள் அவள். அவள் கண்கள் நிறைந்திருந்தன.

மழைக்கென்று கொண்டுவந்த தார்ப்பாயை விரித்து, இரண்டு நீளக் கழிகளை அதன் ஓரங்களில் சுருட்டிக் கட்டினார்கள். பெரிய தொப்பிக்காரர் தலைமாட்டைப் பிடித்தார். அவர் மனைவி தன் சால்வையை எடுத்து அக்காவின் மேல் போர்த்தினாள். இந்தப் பயணம் முழுக்க, எந்தப் பறவையை யார் முதலில் பார்த்தது என்று ஒருவரையொருவர் விடாமல் குத்திக்கொண்டிருந்த தம்பதி அவர்கள். இப்போது ஒருவர் நினைத்ததை மற்றவர் கேட்காமலே செய்தார்.

ஏலக்காரரும் கழியைப் பிடிக்கப் போனார். இடது கை எழவில்லை. தோளிலிருந்து கீழே வேறு யாருடைய கையோ தொங்குவது போலிருந்தது.

"நீங்க பின்னாடி வாங்க சார்" என்றார் மாட்டு டாக்டர்.

இந்தப் பயணத்துக்கு வந்திருக்க வேண்டியது ஏலக்காரர் அல்ல. அக்காவும் மாமாவும்தான் இடம் பதிவு செய்திருந்தார்கள். மலை ஏற முடியாதவர்களுக்கென்றே நடத்தப்படும் மெதுநடைச் சுற்றுலா. ஆளுக்கொரு மடக்கு முக்காலி. கொஞ்சம் நடப்பது, உட்கார்வது, பார்ப்பது, பிறகு கொஞ்சம் நடப்பது. ஆனால் மாமாவின் முழங்கால் அதற்கும் ஒத்துவரவில்லை. "நான் விடுதியோட இருந்துக்கறேன். எனக்குப் பதிலா நீ வா மாப்ளே" என்று கூட்டிவந்துவிட்டார். தினமும் காலையில் வாசல்வரை நொண்டிக்கொண்டு வந்து, "கூடவே இருடா, அவளைத் தனியா விட்டுடாத" என்று சொல்லி அனுப்புவார்.

"நான் என்ன பச்சக் குழந்தையா?" என்பாள் அக்கா. "இவன் கூட வந்தா இருக்கிற பறவையும் ஓடிடும். இவன் வாயை மூட ஒரு மூடி இருந்தா வாங்கிக் குடுங்க."

சுற்றுலாவில் கட்டளைகள் அதிகம் இல்லை. கையை நீட்டிக் காட்டக்கூடாது. ஒருவர் பைனாகுலர் கண்ணாடியில் பறவை இருக்கும்போது அவரைத் தொடவோ கூப்பிடவோ கூடாது. "பறவை கண்ணுக்குள்ள இருக்கிறப்போ அவங்க இங்க இல்ல" என்று முதல் நாளே சொல்லியிருந்தாள் வழிகாட்டி. "கண்ணாடியை அவங்களா இறக்கட்டும். அதுவரைக்கும் நாம காத்திருக்கணும்." ஒருவர் பார்க்கிற ஆனந்தத்துக்கு மற்றவர்கள் கொடுக்கிற மரியாதை அது. எல்லாரும் அதை ஒரு வழிபாடு போலக் கடைப்பிடித்தார்கள்.

ஏலக்காரருக்கு ஒரு பறவையும் சரியாக அகப்படவில்லை. இலை தெரியும், கிளை தெரியும், சில சமயம் தன் இமைமயிரே பெரிதாகத் தெரியும். "பாத்தியாடா?" என்று அக்கா கேட்கும்போதெல்லாம் "ஆகா, பாத்தேன்" என்பார். அவள் முகம் மலர்வதைப் பார்த்தாலே போதுமாக இருந்தது. பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில், ஆயுசு முழுக்க வெள்ளையும் நீலமும் வெட்டிக்கொண்டே இருந்தவள் அவள். இங்கே ஒரு சின்னப் பறவையின் மார்பில் எத்தனை மஞ்சள் என்று வாயடைத்து நின்றாள்.

இன்று காலை ஏற்றத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. "மலைன்னா வாங்கத்தான் செய்யும்" என்று சொல்லிவிட்டு, ஓடைக்கரை மரத்தடியில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அங்கேதான் வழிகாட்டி தீக்காக்கையைக் காட்டினாள். பெயர்தான் காக்கை, மார்பு கனல் போல இருக்கும். ஆனால் முதுகைக் காட்டி உட்கார்ந்தால் காய்ந்த இலைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. உட்கார்ந்த கிளையில் அப்படியே உட்கார்ந்திருக்கும். திரும்பும்வரை காத்திருப்பதுதான் வழி.

மற்றவர்கள் பார்த்துவிட்டு, மேலே கிளைகளில் கூட்டமாகப் போன குருவிகளின் பின்னால் நகர்ந்தார்கள்.

"நீயும் போடா. நான் இது திரும்பறதைப் பாத்துட்டு வரேன்."

"மாமா கூடவே இருக்கச் சொன்னாரு."

"அப்போ வாயைத் திறக்காம இரு. திறந்தே, ஓடைல தள்ளிடுவேன்."

மடியில் பையை வைத்து, அதன்மேல் முழங்கைகளை ஊன்றி, கண்ணாடியைக் கண்ணில் பொருத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில், பக்கத்தில் முக்காலி போட்டிருந்த தம்பியின் இடது தோளில் சாய்ந்தாள். கண்ணாடி ஆடாமல் இருக்கத்தான் சாய்கிறாள் என்று அவர் தோளை இன்னும் கொஞ்சம் விறைத்துக் கொடுத்தார்.

அப்போது மேகம் வந்தது. ஓடைக்கு அந்தப் பக்கத்து மரங்கள் முதலில் போயின. பிறகு ஓடை போனது. அதன் சத்தம் மட்டும் மிஞ்சியது. அவர் தன் செருப்பைக் குனிந்து பார்த்தார், அது இருந்தது. இலையிலிருந்து இலைக்குச் சொட்டும் நீர், யாரோ தூரத்தில் மிக மெதுவாக நடந்து வருவது போலக் கேட்டது. வெள்ளைக்குள் ஏதோ ஒரு பறவை ஒரு ஸ்வரத்தை எடுத்து, யோசித்து, கீழே வைத்தது. முக்காலியும் அக்காவும் தானுமாக எங்கேயோ மிதந்து போகிறோம் என்று தோன்றியது. சந்தையில் நடந்த ஒரு கத்தரிக்காய்ச் சண்டையை அவளிடம் சொல்ல நாக்கு துறுதுறுத்தது. சொல்லவில்லை. தன்னாலும் பேசாமல் இருக்க முடிகிறதே என்று உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமைகூட வந்தது. மேகத்துக்குள் அவளுக்கு என்ன தெரிகிறதோ, அவள் கண்ணே தனிதான் என்று நினைத்துக்கொண்டார். தோளில் பாரம் ஏறிக்கொண்டே வந்தது. கை மரத்தது. அவர் அசையவில்லை. அசைந்தால் அவளுடைய பறவை ஆடிவிடும்.

மற்றவர்கள் திரும்பி வந்தபோது வழிகாட்டி கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்தினாள். எல்லாரும் நின்றார்கள். தொப்பிக்காரர் மூக்கைப் பிடித்துத் தும்மலை விழுங்கினார். மேகம் விலகியது. கிளை காலியாக இருந்தது. அதன் பிறகும் அக்கா கண்ணாடியை இறக்கவில்லை. அதன் பிறகும் அவர்கள் மரியாதையாகக் காத்திருந்தார்கள். மாட்டு டாக்டர்தான் முதலில் கட்டளையை மீறி, வந்து அவள் மணிக்கட்டைத் தொட்டார்.

இறக்கத்தில் பாதை நனைந்திருந்தது. வழிகாட்டி முன்னால் போய், வழியில் தொங்கும் கிளைகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பிடித்தாள், ஒரு இலைகூட அக்காவின் மேல் உரசாதபடி. மாட்டு டாக்டர் ஏலக்காரரின் கையைத் தேய்த்துவிட்டபடியே கூட நடந்தார்.

"எவ்வளவு நேரம் சாஞ்சிருந்தாங்க?"

"தெரியல. கை செத்துப்போற வரைக்கும்."

"கொஞ்சம் நகர்ந்திருக்கலாமே சார்."

"நகர்ந்தா அவளுக்குப் பறவை போயிடுமேம்மா." கொஞ்ச தூரம் போனதும் அவரே கேட்டார்: "நான் ஒரு வார்த்தை பேசியிருந்தா? 'அக்கா'ன்னு ஒரு தடவை கூப்பிட்டிருந்தா? கூப்பிட்டு, அவ திரும்பலைன்னு தெரிஞ்சு, உங்களை எல்லாம் கத்தி அழைச்சிருந்தா?"

டாக்டர் தேய்ப்பதை நிறுத்தினார். "நான் மாட்டு டாக்டர் சார். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்ல மாட்டேன். காப்பாத்தியிருக்க முடியுமா, முடியாதான்னு எனக்குத் தெரியாது. ஆனா மூச்சுக்குத் தவிச்ச முகம் எனக்குத் தெரியும். மாட்டுக்கும் மனுஷனுக்கும் அது ஒண்ணுதான். அவங்க முகத்துல அது இல்ல."

அதைக் கேட்டு அவர் தலையாட்டினார். ஆனால் நெஞ்சில் அடைத்திருந்தது அது அல்ல. கீழே விடுதியில் ஒருவர் காத்திருக்கிறார். கூடவே இரு என்று சொல்லி அனுப்பியவர். அவர் முன்னால் போய் நிற்க வேண்டும்.

ஓய்வுக்காகத் தார்ப்பாயை இறக்கி வைத்த இடத்தில், தொப்பிக்காரர் அவர் பக்கமாக வந்தார். "நான் ஒண்ணு சொன்னா தப்பா நினைக்காதீங்க. திடீர்னு நெஞ்சைப் பிடிச்சாங்க, அடுத்த நிமிஷம் போயிட்டாங்கன்னு சொல்லிடுங்க. நாங்க எல்லாரும் அப்படியே சொல்றோம். அவருக்கும் ஆறுதல், உங்களுக்கும் நிம்மதி."

நல்ல மனசோடு சொன்ன சொல் அது. ஏலக்காரருக்கு அது தெரிந்தது. அதைக் கையில் வாங்கிக்கொண்டுதான் மிச்சத் தூரமும் நடந்தார். 'கடவுளே, எதைச் சொல்லட்டும்' என்று வாய்க்குள் கேட்டுக்கொண்டே வந்தார். விடுதியின் கூரை தெரிந்ததும், "நான் முன்னாடி போறேன்" என்று சொல்லி வேகமாக நடந்தார்.

மாமா சமையலறைக் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். லிப்ட் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். கை சும்மா இருக்காது. வந்த நாளிலிருந்து விடுதியில் கிறீச்சிடுகிற எல்லாவற்றையும் வாயடைக்க வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்ளே, பாதியிலேயே துரத்திவிட்டாங்களா? எனக்குத் தெரியும். உன் வாய்க்கு அந்தக் காடு எத்தனை நாள்..."

நிமிர்ந்து பார்த்தவர் நிறுத்திக்கொண்டார். கதவை ஒரு தரம் திறந்தார். மூடினார். சத்தம் வரவில்லை.

"விழுந்துட்டாளா?"

"இல்ல மாமா."

"கால் சுளுக்கா?"

"மாமா, அக்கா போயிட்டா."

எண்ணெய்க் கிண்ணத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் மாமா கையிலேயே வைத்திருந்தார். ஏலக்காரர் அதை வாங்கிப் படியில் வைத்தார். பிறகு அவரைப் பிடித்து அதே படியில் உட்கார வைத்தார். தொப்பிக்காரர் கொடுத்த சொல் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. மாமா அவர் முகத்தையே பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் அவரால் அதைச் சொல்ல முடியவில்லை.

எல்லாவற்றையும் சொன்னார். முக்காலி, பறவை, மேகம், தோளில் ஏறிய பாரம், எல்லாரும் சுற்றி நின்று காத்திருந்தது. "பக்கத்துலேயே இருந்தேன் மாமா. தெரியாமப் போச்சு. வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

சமையலறைக்குள் யாரோ குழாயை மூடினார்கள். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"சாஞ்சாளா?"

"ம்."

"உன் மேலயா?"

"இந்தத் தோள்ல."

"அவ யார் மேலயும் சாய மாட்டாளேடா" என்றார் மாமா. "பஸ்ல தூக்கம் சொக்கினாக்கூட ஜன்னல் கம்பியிலதான் தலையை வைப்பா. என் மேல சாஞ்சா என் சட்டை கசங்கிடுமாம்."

ஏலக்காரர் தன் தோளைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ ஒரு வார்த்தைகூடப் பேசலையா?"

"இல்ல மாமா. அதான் நான் செஞ்ச பாவம்."

"முழுக்கவுமா?"

"முழுக்கவும்."

"அப்போ அவ பயந்திருப்பா. தம்பிக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு" என்றார் மாமா. அவர் வாயிலிருந்து சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. வந்தது பாதியிலேயே உடைந்தது. உடைந்து, குனிந்து, வெகுநேரம் குலுங்கினார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, எண்ணெய் படிந்த கையை வேட்டியில் நன்றாகத் துடைத்தார். அந்தக் கையை நீட்டி ஏலக்காரரின் இடது தோளில் வைத்தார். தட்டிக்கொடுக்கவில்லை. சூடு இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பது போல, உள்ளங்கையை அகல விரித்து வைத்தபடி இருந்தார்.

"கூடத்தானேடா இருந்தே" என்றார்.

தார்ப்பாய் வாசலுக்கு வந்தது. மாமா எழுந்து போனார். முழங்காலைப் பற்றி அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

மதியம் வேனின் பின்பக்க இருக்கைகளை மடக்கி அக்காவுக்கு இடம் செய்தார்கள். பயணத்தில் இன்னும் நாள் மிச்சம் இருந்தது. ஆனாலும் யாரும் தங்கவில்லை. அவரவர் பைகளோடு வந்து, ஒடுங்கி ஒடுங்கி உட்கார்ந்துகொண்டார்கள். தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றியிருந்தார். தொப்பியில்லாமல் அவர் வேறு யாரோ போலிருந்தார். அவரும் ஏலக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்படியே சொல்லிட்டீங்களா?" என்று அவர் கண்ணாலேயே கேட்டார். ஏலக்காரர் இல்லை என்று தலையசைத்தார். தொப்பிக்காரர் நகர்ந்து, மாமாவுக்குக் கால் நீட்ட இடம் விட்டார்.

பாதி மலை இறங்கியபோது சாலை மறைந்தது. மேகம் ஒரு வளைவிலிருந்து எழுந்து வண்டியை முழுக்க மூடியது. ஓட்டுநர் ஓரம்கட்டி இன்ஜினை நிறுத்தினார். விளக்கு போட்டும் பயனில்லை, மேகம் போகட்டும் என்று காத்திருந்தார்.

வெளியே, மிக அருகில், ஒரு பறவை கூப்பிட்டது. நிறுத்தியது. மறுபடி கூப்பிட்டது.

வண்டியில் இருந்த அநேகம் பேருக்கு அது எது என்று தெரியும். தொப்பிக்காரரின் உதடு திறந்தது, மூடிக்கொண்டது. அவர் மனைவி சன்னல் பக்கம் பார்த்தாள். முன் இருக்கையில் வழிகாட்டி திரும்பவில்லை. ஒருவரும் பெயர் சொல்லவில்லை.

மாமா கையை நீட்டித் தன் பக்கத்துக் கண்ணாடியைக் கீழே இறக்கினார். வெள்ளை மெல்ல உள்ளே வந்தது. முன் இருக்கைகளைத் தொட்டு, மடியில் இருந்த கைகளைத் தொட்டு, பின்னால் சால்வைக்குள் கிடந்தவள்வரை போனது. யாரும் மூடச் சொல்லவில்லை.