பதினேழாம் எண் குப்பி

போதைத் தடுப்பு அலுவலகத்தில் குப்பிகளுக்கு எண் ஒட்டுவது என் வேலை. ஜாமீனில் இருப்பவர்கள் மாதம் ஒருமுறை வந்து சிறுநீர் கொடுக்க வேண்டும். காவலர் கழிப்பறை வாசலில் நின்று வாங்கி வருவார். நான் எண் ஒட்டி, மூடிக்கு முத்திரை வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவேன். இதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், மூக்கு மரத்துப்போயிருந்தால் போதும்.

பதினேழாம் எண் என் தம்பி. உறவு தெரிந்தால் வேறு பிரிவுக்குத் தூக்கிவிடுவார்கள் என்று அலுவலகத்தில் மூச்சுவிடவில்லை. இன்னொரு தடவை மாட்டினால் ஜாமீன் ரத்து, இரண்டு வருடம் உள்ளே.

"அம்மா மேல சத்தியமா தொடலக்கா. நாப்பது நாளாச்சு," என்று இந்த மாதச் சோதனை நாளன்று காலை சொன்னான். அவன் செய்த சத்தியமெல்லாம் பலித்திருந்தால் அம்மாவை என்றைக்கோ வாரிக் கொடுத்திருப்போம். நான் நம்பவில்லை. என் சிறுநீரையே ஒரு குப்பியில் பிடித்துக் கைப்பையில் எடுத்துப் போனேன். ஆணா பெண்ணா என்றெல்லாம் அந்தச் சோதனை பார்க்காது. காவலர் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் என்னுடையதில் பதினேழை ஒட்டினேன். அவனுடையதைக் கழுவுத்தொட்டியில் ஊற்றித் தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

ஒரு வாரத்தில் முடிவு வந்தது.

"பதினேழு பாசிட்டிவ்," என்றார் அதிகாரி. "இருமல் மருந்து. பயலுக மாத்திரைய விட்டுட்டு இப்போ இதுக்குத் தாவிட்டானுங்க. அதான் இந்த மாசத்துலருந்து இதையும் சோதிக்கச் சொல்லிட்டாங்களே. சுற்றறிக்கை பாக்கல?"

அது என் தலைக்குப் பின்னால்தான் தொங்கியது. நான்கு மூலைக்கும் நான்கு ஊசி குத்தி மாட்டியதே நான்தான். ஒரு வரிகூடப் படிக்கவில்லை. இரண்டு வாரமாக எனக்கு விடாத இருமல். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை வேளைக்கு இரண்டு கரண்டி, சொன்ன பேச்சு கேட்டுக் குடித்துக்கொண்டிருந்தேன்.

உண்மையைச் சொல்லலாம். மாற்றச் சொன்னதே அவன்தான் என்பார்கள், இருவரும் உள்ளே போவோம். அவன் சுத்தமாக இருந்தான் என்று காட்ட இருந்த ஒரே சாட்சி சாக்கடையில் போய்விட்டது. இதையெல்லாம் யாருக்கோ நடந்ததுபோல் யோசித்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். இருமல்தான் வந்தது.

மறுநாள் பிற்பகல் அவனைச் சிறைக்குக் கொண்டுபோகும் வழியில் அலுவலகத்துக்கு அழைத்து வந்தார்கள். காவலர் காகிதம் வாங்க உள்ளே போனபோது அவன் என் மேசையோரம் குனிந்தான்.

"நெஜமாவே தொடலக்கா. மிஷின் ஏதோ தப்பு பண்ணிருக்கு. நீயாவது நம்புறியா?"

"நம்புறேன்டா."

அவன் முகம் தெளிந்தது. அத்தனை வருடத்தில் நான் அவனிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. மறுபடியும் எனக்கு இருமல் கிளம்பியது.

"மருந்த நிறுத்திராதக்கா," என்றான்.