புன்னையடியில் என்ன இருக்கிறது?

எட்டு வருஷமாகக் காஞ்சிபுரத்துக்குக்கூட அழைத்துப் போகாத புருஷன், திடீரென்று வாடகைக் கார் பிடித்துக் கடலோரமெல்லாம் சுற்றிக் காட்டுகிறேன் என்றால் யாருக்கும் சந்தோஷம் வரும். வசந்தகுமாரிக்குச் சந்தேகம் வந்தது.

எத்திராஜ் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து, பழுப்புக் காகிதத்தில் பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தான். பட்டுப்புடவைத் தரகு அவன் தொழில். மாதத்தில் பாதி நாள் வெளியூர். உத்திரமேரூரில் இருக்கும் மீதி நாளுக்கு இந்த வீடு. வீடு வசந்தகுமாரியின் அப்பா அவள் பேருக்கு எழுதிவைத்தது. அவன் வீட்டோடு வந்த மாப்பிள்ளை.

"பாரு வசந்தா. வியாயக்கெயமை விடியகாலம் கிளம்பறோம். செங்கல்பட்டுல நாஷ்டா. திருக்கயுக்குன்றத்துல மலைக்குக் கீய நின்னு ஒரு கும்பிடு. அப்பால சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரன் கட்டின கோட்டை கீது, கடல ஒட்டி. காத்து ஆளயே தூக்கும். அங்கேருந்து புன்னையடி. சாப்பாடு அங்க. சாயங்காலம் மகாபலிபுரம். அலை வந்து கோயில் கிட்டவே மோதும், பாத்துக்கினே இருக்கலாம்."

"புன்னையடில இன்னா கீது?"

பென்சில் நின்றது.

"சும்மாதான். தெரிஞ்சவங்க வூடு."

கோட்டைக்குக் காற்று சொன்னான், கோயிலுக்கு அலை சொன்னான். புன்னையடிக்கு மட்டும் சொல்ல ஒன்றும் இல்லை.

"ஒண்ணரைக்குள்ள அங்க போயிடணும். அப்பால ராகுகாலம்" என்றான் எத்திராஜ், அவள் முகத்தைப் பார்க்காமல்.

சாப்பிடப் போகிற வீட்டுக்கு ராகுகாலம் எதற்கு?

பதில் மறுநாள் சாயங்காலம் தானியேல் வாயிலிருந்து வந்தது. அவர்கள் போவதற்குப் பிடித்திருந்த பழைய மாரிஸ் வாடகைக் காருக்கு முதலாளியும் அவன்தான், டிரைவரும் அவன்தான். எத்திராஜ் கடைத்தெருவுக்குப் போயிருந்த நேரம், எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்க வந்தான்.

"புன்னையடிக்கு ரோடு நல்லா இருக்குமா தானியேலு?"

"மணலும்மா. போன தபா ஐயாவை இட்டுக்கினு போனப்ப சக்கரம் மாட்டிக்கிச்சு. ஆனா அந்த வூட்டுல ஒரு பொண்ணு மோர் குடுத்துச்சு பாரு, மல்லித்தழையெல்லாம் போட்டு..." தானியேல் நாக்கைக் கடித்துக்கொண்டான். "நான் வரேம்மா."

அவன் போன கொஞ்ச நேரத்தில் எத்திராஜ் திரும்பி வந்தான். கையில் புதுப் பித்தளைத் தட்டு. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், வாழைப்பழச் சீப்பு, ஒரு பட்டுப்புடவை.

"இத அந்த வூட்டுல நீ உன் கையால குடுக்கணும். பெரியவ குடுத்தாதான் மரியாதை."

பெரியவ!

வசந்தகுமாரிக்கு இப்போது புரிந்தது. பெண் கேட்கப் போகிறான். பிள்ளை இல்லாதவள் என்று தெரு முழுக்கச் சொல்லிச் சொல்லி, அவனுக்கும் தைரியம் வந்துவிட்டது. இரண்டாவது கல்யாணம் கூடாது என்று சர்க்கார் சட்டம் போட்டுச் சில வருஷம் ஆகிறது. ஆனால் மூத்தவள் வாய் திறந்து புகார் கொடுத்தால்தானே சட்டம்? மூத்தவளே தட்டு வைத்துப் பெண் கேட்டுவிட்டால்? நாளைக்கு இதே கூடத்தில் இன்னொருத்தி கோலப்பொடி டப்பாவைத் தேடுவாள். அப்பா கட்டின வீட்டில் வசந்தகுமாரி சமையல்கட்டு மூலைக்கு ஒதுங்குவாள்.

அழவில்லை. யோசித்தாள்.

முதல் தட்டே ராகுகாலத்தில் வந்து நின்றால் எந்த வீட்டிலும் பெண் கொடுக்க மாட்டார்கள். பேச்சையே அதோடு விட்டுவிடுவார்கள். காரை ஓட்டுவது தானியேலாக இருக்கலாம், கோடு போட்டது எத்திராஜாக இருக்கலாம். எந்த இடத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்பது அவள் கையில் இருந்தது.

"இன்னாங்க, எனக்கு ஒண்ணே ஒண்ணு. மலைக்குக் கீய நின்னு கும்பிட மாட்டேன். மேல ஏறி, உச்சிவேளைக்குக் கயுகு வந்து சோறு தின்றதப் பாத்துட்டுத்தான் வருவேன்."

"அதுக்கெல்லாம் டயம் இல்ல. வெயில்ல பேஜார் பண்ணாத."

"பிள்ளை வேணும்னு வேண்டிக்கினு கீறேன்."

எத்திராஜ் பென்சிலை எடுத்தான். காகிதத்தில் ஒரு கோட்டை அழித்துத் திருத்தினான்.

வியாழக்கிழமை வானம் காலையிலேயே மூடிக்கொண்டிருந்தது. செங்கல்பட்டில் இட்லியை ஆற வைத்து ஆற வைத்துத் தின்றாள். மலைப்படியில் பத்துப் படிக்கு ஒரு தரம் மூச்சு வாங்கினாள். உச்சியில் பண்டாரம் கிண்ணத்தோடு பாறைமேல் உட்கார்ந்திருந்தார். கழுகுகள் வரவில்லை. ஜனம் கலைய ஆரம்பித்தது.

"வராது வசந்தா. மேகமா கீது. கிளம்பு."

"வரும்."

வந்தது. ஒன்றே ஒன்று. சோற்றைக் கொத்திவிட்டுத் திரும்பியும் பார்க்காமல் பறந்தது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வசந்தகுமாரி எத்திராஜின் கைக்கடிகாரத்தை எட்டிப் பார்த்தாள். இன்னும் போதாது. இறங்கியதும் கால் பிசகிவிட்டது என்று சங்கு தீர்த்தக் குளக்கரையில் உட்கார்ந்து, தண்ணீரில் காலை விட்டுக்கொண்டாள்.

"வேணும்னே பண்றியா நீ?" எத்திராஜ் பல்லைக் கடித்தான்.

"எனக்கு இன்னாத்துக்கு? ஊர் சுத்திக் காட்டறேன்னு சொன்னது நீங்கதானே!"

சதுரங்கப்பட்டினத்தில் அவன் காரை நிறுத்தவே விடவில்லை. கோட்டைச் சுவர் ஒரு நிமிஷம் ஓடி மறைந்தது. சவுக்குத் தோப்பு முடிந்த இடத்தில், சொல்லாமல் கொள்ளாமல், கடல் வந்தது. அவள் பிறந்ததிலிருந்து பார்க்காத கடல். அழுக்கு வேட்டி நிறத்தில், வானம் எது தண்ணீர் எது என்று தெரியாமல் கிடந்தது.

அப்போதும் அவள் பார்த்தது கைக்கடிகாரத்தைத்தான். ஒண்ணரை தாண்டி இருந்தது.

புன்னையடி மணலில் கார் முனகி நின்றது. தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வசந்தகுமாரி இறங்கினாள். எத்தனை நாளைக்குப் பிறகோ அவள் உதட்டில் சிரிப்பு இருந்தது.

கூரை வீட்டிலிருந்து துண்டை இடுப்பில் கட்டியபடி ஒரு பெரியவர் ஓடி வந்தார். "பொண்ணோட நைனா, ஏகாம்பரம்" என்றான் எத்திராஜ் சன்னமாக.

"வா தாயி, வா! எங்க வராம பூடுவீங்களோன்னு பாத்துக்கினே கீறோம்."

"ராகுகாலம் ஆயிடுச்சேங்க" என்றாள் வசந்தகுமாரி, குரலை வருத்தமாக வைத்துக்கொண்டு. "தட்டு எப்படி வெக்கறது?"

ஏகாம்பரம் வெள்ளந்தியாகச் சிரித்தார். "இனிமே இன்னா தாயி ராகுகாலம்? எல்லாம் நல்லபடியா ஆயிப் போச்சே. நீ உள்ள வா."

உள்ளே விட்டத்தில் ஒரு தூளி ஆடிக்கொண்டிருந்தது.

தூளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த பெண் எழுந்தாள். கழுத்தில் மஞ்சள் தாலிக் கயிறு. தூளிக்குள் எத்திராஜின் அதே அகல நெற்றியோடு ஓர் ஆண் குழந்தை, கையைச் சூப்பிக்கொண்டு.

தட்டு வசந்தகுமாரியின் கையில் கனத்தது. இது பெண் கேட்கிற தட்டு இல்லை. தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கு அழைத்துப் போகிற தட்டு.

"வசந்தா." பின்னால் எத்திராஜின் குரல் கெஞ்சியது. "வூடு உன்னுது. நீ வான்னு சொன்னாதான் இவங்க வர முடியும். ஊரும் வாய மூடிக்கும். பிள்ளை இல்லன்னு நீயும் எத்தினி நாளைக்கு..."

அந்தப் பெண், கனகா, இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அக்கா, உங்களுக்குத் தெரியாதா? நீங்கதான் சம்மதம் சொல்லி அனுப்பினீங்கன்னு சொன்னாரே. உடம்பு சரியில்லாம கல்யாணத்துக்கு வரலன்னாரே!"

ஏகாம்பரம் மெல்ல மணையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

வசந்தகுமாரி தட்டைத் தூளிக்குக் கீழே வைத்தாள்.

"இது கொயந்தைக்கு. வூட்டுக்கு இல்ல. உன்மேல எனக்குக் கோவம் இல்ல கனகா. ஆனா எங்கப்பா கட்டின வூட்டுல நீ கால் வெக்க மாட்டே. இவரும் இனிமே வெக்க மாட்டாரு."

"புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? தனியா இன்னா பண்ணுவே?"

"மாசத்துல பாதி நாள் தனியாத்தானே கீறேன். பயகிடுச்சு."

கார்க் கதவைத் திறந்தவளின் பின்னால் அவன் வாசல்வரை ஓடி வந்தான். உள்ளே குழந்தை வீறிட்டது. அந்தச் சத்தத்துக்கு அவன் திரும்பினான். அவன் திரும்பியதை அவள் பார்த்தாள். அதற்குமேல் பார்க்க ஒன்றும் இல்லை.

"எங்கம்மா போறது?" தானியேல் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்க்கப் பயந்தான். "மகாபலிபுரமா?"

"ஊருக்கு."

தூறல் பிடித்துக்கொண்டது. கொஞ்ச தூரம் வரை கடல் கூடவே வந்தது. தானியேல் பேச ஏதாவது கிடைக்குமா என்று தேடி, "அதோ கட்டுமரம் பாரும்மா" என்றான். அவள் பார்க்கவில்லை.

உத்திரமேரூருக்கு வந்து சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். எதிர்வீட்டு சொக்கம்மாள் ஓடி வந்தாள். "இன்னாடி, கடல் எப்படி இருந்துச்சு? அவரு எங்க?"

"பெரிசா இருந்துச்சு" என்றாள் வசந்தகுமாரி, முதல் கேள்விக்கு மட்டும்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அவன் எந்த நேரத்தில் வந்தாலும் வரட்டும் என்று எட்டு வருஷமாகச் சும்மா சாத்தி மட்டுமே வைத்திருந்த கதவு. தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. முழு பலத்தையும் போட்டுத் தள்ளவேண்டி இருந்தது.